பயிற்சி ஆப்புக்கு இலவச ஜெனரேட்டரில் எடுத்த பிரைவசி பாலிசி போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேர்வுப் பயிற்சி ஆப் ஒன்றை நீங்களும் நண்பரும் செய்து முடித்துவிட்டீர்கள். பயனர் தகவலை என்ன செய்கிறீர்கள் என்று சொல்லும் பிரைவசி பாலிசி, பயன்பாட்டு நிபந்தனைகளான டேர்ம்ஸ், ரீஃபண்ட் பாலிசி மூன்றுக்கும் லிங்க் கொடு என்று பிளே ஸ்டோரும், இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயும் கேட்கின்றன. வக்கீல் இருபதாயிரம் சொல்கிறார். இணையத்தில் இருக்கும், பாலிசியைத் தானாக எழுதித் தரும் ஜெனரேட்டர் இரண்டு நிமிடத்தில் இலவசமாகத் தருகிறது. அதையே போட்டால் என்ன, எங்களைப் போன்ற சின்ன ஆட்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டினால் என்ன ஆகும், மாட்டாமல் இருக்கக் குறைந்தபட்சம் எதைச் செய்தாக வேண்டும் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கோவையில் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கும் இணைய வியாபாரிகளுக்கும் ஒப்பந்தமும் பாலிசியும் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வக்கீல் ஃபீஸ் தேவையா என்று வக்கீலிடமே கேட்கிறீர்கள். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஜெனரேட்டரில் எடுத்தது என்பதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள். அந்தக் காகிதம் வேறு யாருடைய ஆப்பையோ விவரித்துக்கொண்டிருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்த இலவச நகலைத் திறந்து, உங்கள் ஆப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: பதின்மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமிருந்து நாங்கள் தெரிந்தே தகவல் வாங்குவதில்லை. அந்தப் பதின்மூன்று அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதினெட்டு நிறையாதவர் எல்லோரும் குழந்தைதான். உங்கள் ஆப்பின் முதல் திரையே ‘எந்த வகுப்பு?’ என்று கேட்கிறது. வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் குழந்தைகள். அப்படியிருக்க, குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க வயதை எழுதி வைத்திருப்பது, இந்தியச் சட்டத்தை நாங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்குச் சமம்.

அடுத்து ‘நியாயமான வணிக நலன்’ என்ற அடிப்படையில் தகவலைப் பயன்படுத்துகிறோம் என்று ஒரு பத்தி வரும். அது ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் வசதி. நம் சட்டத்தில் அப்படிப் பொதுவான வாசல் கிடையாது. ஒன்று, ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையென்றால் 7ஆம் பிரிவில் பட்டியலிட்டிருக்கும் குறிப்பிட்ட காரணங்களுக்குள் வர வேண்டும். மருத்துவ அவசரம், அரசு மானியம், வேலை கொடுப்பவரின் தேவைகள் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘என் வியாபாரத்துக்கு உதவும்’ என்று ஒன்று இல்லை. கடைசியில் அமெரிக்காவின் டெலவர் மாநிலச் சட்டமோ கலிபோர்னியா நீதிமன்றமோ வந்து நிற்கும். திருநெல்வேலிப் பெற்றோர் ஒருவர் எண்ணூறு ரூபாய்க்காக உங்களுடன் சண்டை போடக் கலிபோர்னியா போவார் என்று யாரும் நம்பப் போவதில்லை. அந்த வரியால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

ஆகவே பாலிசியை எழுதுவதற்கு முன் ஆப் என்னென்ன செய்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். இதை வக்கீல் செய்ய முடியாது, ஆப்பின் புரோகிராமை எழுதியவர்தான் செய்ய வேண்டும். “நாங்க எதுவுமே எடுக்கலை சார், போன் நம்பர் மட்டும்தான்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். ஆப் செய்யும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில், ஆப் கேட்கும் அனுமதிகளையெல்லாம் சேர்த்துக் காட்டும் மெர்ஜ்ட் மேனிஃபெஸ்ட் என்ற பக்கத்தைத் திறக்கச் சொல்வேன். நீங்கள் எழுதாத அனுமதிகள் அங்கே வரிசையாக நிற்கும். விளம்பர எஸ்டிகே (வேறு நிறுவனம் எழுதித் தரும், ஆப்புக்குள் சேர்க்கும் மென்பொருள் துண்டு) ஒன்றைச் சேர்த்தால், போனை விளம்பரத்துக்காக அடையாளம் காட்டும் விளம்பர ஐடியைப் படிக்கும் அனுமதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கிராஷ் ரிப்போர்ட், அனலிடிக்ஸ், ஃபேஸ்புக் லாகின் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எதையாவது தன் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ‘நண்பரை அழையுங்கள்’ பொத்தானுக்காகக் காண்டாக்ட்ஸ் அனுமதி கேட்டிருந்தால், ஆப்பை நிறுவாதவர்களின் எண்களும் உங்கள் கைக்கு வருகின்றன. இதையெல்லாம் நாங்கள் எடுக்கவில்லை, கூகுள்தான் எடுக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. பிளே ஸ்டோரில் நீங்கள் நிரப்பும் டேட்டா சேஃப்டி படிவத்தில் எஸ்டிகே எடுக்கும் தகவலையும் சேர்த்து அறிவிக்கும் பொறுப்பு டெவலப்பருடையது என்று கூகுள் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. படிவம் ஒன்று சொல்லி, பாலிசி இன்னொன்று சொல்லி, ஆப் மூன்றாவதாக ஒன்றைச் செய்தால், அப்டேட் நிராகரிக்கப்படுவதில் தொடங்கி ஆப் நீக்கப்படுவது வரை போகலாம்.

சொன்னதும் செய்ததும் வேறாக இருந்ததற்காக மாட்டியவர்களில் பெரிய பெயர்களும் உண்டு. அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுடன் பகிர மாட்டோம் என்று சொல்லியிருந்தது. ஆனால் ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்கு அத்தகவல் போய்க்கொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி எடுத்த நடவடிக்கையில் 15 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே தகவலை வெளியே கடத்திக்கொண்டிருந்தவையும் இப்படிப்பட்ட எஸ்டிகேக்களும், பக்கத்துக்குள் ஒளிந்து பயனரைப் பின்தொடரும் டிராக்கிங் பிக்ஸல்களும்தான். உங்களுக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது. ஆனால் நம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நம்பிக்கையின்பேரில் நுகர்வோர் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக வேறொருவருக்கு வெளியிடுவதை நேர்மையற்ற வணிக முறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.

இன்று எந்தச் சட்டம் அமலில் இருக்கிறது என்பதில் பலருக்கும் குழப்பம். 2023 ஆகஸ்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பர் நடுவில்தான் வந்தன. அந்த அறிவிப்பின்படி தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது போன்ற பகுதிகள் உடனே நடைமுறைக்கு வந்துவிட்டன. அறிவிப்பு, ஒப்புதல், குழந்தைகள், தகவல் கசிவு என்று உங்களைத் தொடும் பகுதிகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும். அதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளும் செல்லும். அவற்றின்படியும் இணையதளத்தில் பிரைவசி பாலிசி வைக்க வேண்டும், குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பு விவரமும் போட வேண்டும், புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நாங்கள் இன்னும் கம்பெனி பதிவு செய்யவில்லையே என்று நினைக்காதீர்கள். 43ஏ பிரிவு கூட்டு வணிகத்தையும் தனிநபர் நிறுவனத்தையும் சேர்த்தே பேசுகிறது. கூட்டு வணிகத்தில் கடனும் பொறுப்பும் உங்கள் இருவரின் சொந்தச் சொத்து வரைக்கும் வரும் என்பதை நண்பரிடமும் சொல்லி வையுங்கள்.

2027 வரை நேரம் இருக்கிறதே என்று ஆறப்போடவும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் கனமான பகுதி குழந்தைகளைப் பற்றிய 9ஆம் பிரிவு. அதற்கு ஏற்றபடி ஆப்பை மாற்றுவது ஒரு வார இறுதியில் முடிகிற வேலை இல்லை. அந்தப் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது. குழந்தையின் தகவலைக் கையாளும் முன் பெற்றோரிடமிருந்து சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வாங்க வேண்டும். குழந்தையின் நலனுக்குத் தீங்கு வரும்படி தகவலைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தையைப் பின்தொடர்வது, நடத்தையைக் கண்காணிப்பது, குழந்தையைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவது கூடாது. மீறினால் அபராதத்தின் உச்சவரம்பு 200 கோடி ரூபாய். இந்த எண்ணைக் காட்டி மிரட்டுகிற ஆலோசகர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். அது உச்சவரம்புதான், மீறலின் தன்மை, எவ்வளவு காலம் நடந்தது, அதைச் சரிசெய்ய என்ன முயன்றீர்கள், தொகை பொருத்தமானதா என்றெல்லாம் பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஸ்டார்ட்அப்களுக்கு விலக்கு வரும் என்று சொல்பவர்களும் உண்டு. 17ஆம் பிரிவின்படி மத்திய அரசு சில வகை நிறுவனங்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி விலக்கக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் 9 இல்லை.

விளம்பரம் பற்றி உறுதியாகவே சொல்லலாம். பிளே ஸ்டோரில் ஆப்பை நிர்வகிக்கும் பிளே கன்சோலில் இலக்கு வயதாக 13–15, 16–17 என்று தேர்ந்தெடுத்துவிட்டால், சிறு குழந்தைகளுக்கான கூகுளின் கடுமையான விதிகள் உங்களைத் தொடாமல் போகலாம். கூகுள் அனுமதித்துவிட்டது என்று அதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். 2027 மே முதல் அந்தப் பதினைந்து வயதுப் பையனுக்கு அவன் நடத்தையை வைத்து விளம்பரம் காட்டுவது இந்தியச் சட்டப்படி தவறு. இலவசப் பயனர்களுக்கு விளம்பரம் காட்டித்தான் செலவைச் சமாளிக்கப் போகிறீர்கள் என்றால், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்மாப்பில், பயனரின் நடத்தையைப் பார்த்துக் காட்டும் தனிப்பயன் விளம்பரத்தை இப்போதே அணைத்துவிடுங்கள். வருமானம் குறையும். சந்தாக் கட்டணத்தை முடிவு செய்யும் முன்பே அந்தக் குறைவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

பெற்றோர் ஒப்புதலில் உறுதியும் சந்தேகமும் கலந்திருக்கிறது. ஒப்புதல் தருபவர் அடையாளம் காணத்தக்க, வயது வந்த ஒருவர்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்கிறது விதி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான அடையாள, வயது விவரத்தை வைத்துப் பார்க்கலாம். அவரே தரும் விவரத்தை வைத்துப் பார்க்கலாம். டிஜிலாக்கர் போன்ற சேவை வழியாக வரும் டோக்கனை, அதாவது அந்த விவரத்துக்கு ஈடான மின்னணுக் குறியீட்டை வைத்தும் பார்க்கலாம். பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி அனுப்பினால் மட்டும் போதுமா? போதாது என்பதுதான் என் கருத்து. சிம் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் ஓடிபி காட்டும். அம்மா போனில் வரும் ஓடிபியை வாசித்து அடிப்பதே பிள்ளைதான் என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. பெற்றோரின் கார்டிலோ யுபிஐயிலோ கட்டணம் வருவதை ஒப்புதலுக்குச் சான்றாக எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஓடிபியைவிட அது வலுவான தடயம். ஆனாலும் சட்டம் கேட்கும் சரிபார்ப்பு அதுதான் என்று வாரியம் இன்னும் சொல்லவில்லை. இப்போதைக்கு நான் பரிந்துரைப்பது, கணக்கைப் பெற்றோர் பெயரில் தொடங்கி அதற்குள் மாணவர் புரொஃபைலை வைப்பது. பிறகு டிஜிலாக்கர் இணைப்பு வந்தாலும் ஆப்பின் அடித்தளத்தைப் பிரித்துப் போட வேண்டியிருக்காது.

இனி உண்மையான சந்தேகத்துக்கு வருகிறேன். எந்த மாணவர் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறார் என்று கணித்து அதற்கேற்ற கேள்வி தருவது உங்கள் ஆப்பின் உயிர்நாடி. அது ‘நடத்தையைக் கண்காணிப்பது’ ஆகுமா? விதிகளின் நான்காவது அட்டவணை கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்குத் தருகிறது: கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் செய்யும் கண்காணிப்பு தடைக்குள் வராது. கல்வி நிறுவனம் என்பதை அது கல்வி புகட்டும் நிறுவனம், தொழிற்கல்வியும் அடங்கும் என்று விரிவாகவே சொல்கிறது. அப்படியானால் நாமும் அதற்குள் வந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் வேறொரு பக்கம் கதை தலைகீழாக இருக்கிறது. கல்வி நிறுவனங்களை நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியுமா என்ற கேள்வியில், 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று பிரித்துச் சொன்னது. பயிற்சி மையங்களைக் கல்வி நிறுவனங்களுக்கு இணையாக வைக்க முடியாது என்பதுதான் அதன் பார்வை. அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. அது வேறு சட்டம், வேறு நோக்கம், ஆகவே தரவுச் சட்டத்துக்கு அந்தப் பிரிவினை அப்படியே பொருந்தாது என்று வாதாடலாம். நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் வாதம் ஜெயிக்கும் என்று உங்களுக்கு எழுதித் தர மாட்டேன். விலக்கு கிடைத்தாலும் அது கல்விப் பணிக்கு மட்டும்தான். மாணவரின் மதிப்பெண்ணை வைத்து அடுத்த கோர்ஸை விற்க விளம்பரம் அனுப்புவது அதற்குள் வராது. கற்பித்தலுக்கான தரவையும் விற்பனைக்கான தரவையும் இப்போதே தனித்தனி டேபிளில் வைத்துவிட்டால், தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் பெரிதாக இடிக்காது.

இவ்வளவும் நாளைய விஷயம். நுகர்வோர் சட்டம் இன்றே உங்கள் வாசலில் நிற்கிறது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் பொருள் விற்பவர்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் டிஜிட்டல் பொருட்களுக்கும் சேர்த்துத்தான். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி, குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் தளத்தில் தெரிய வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போக வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். ஏற்கெனவே டிக் அடித்து வைத்த கட்டத்தின் வழியாக ஒப்புதல் வாங்கக் கூடாது. குறைதீர் அலுவலர் என்றால் தனியாக ஆள் எடுக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். உங்களில் ஒருவர் பெயரைப் போட்டு அந்த மின்னஞ்சலை ஒழுங்காகப் பார்த்தால் போதும். பலர் பெயரைப் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த இன்பாக்ஸை யாரும் திறப்பதே இல்லை.

‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது’ என்ற வரியை ரீஃபண்ட் பாலிசியில் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், எல்லோரும் வைக்கிறார்கள். மனம் மாறியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் குறைபாடுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை என்கிறது. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் கணக்கு. சர்வர் வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாலும், சொன்ன பாடங்கள் ஏறாவிட்டாலும் உங்கள் ‘எக்காரணம் கொண்டும்’ கை கொடுக்காது. எந்தச் சூழ்நிலையில் தருவீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள், எந்தக் கணக்குக்குப் போகும் என்று எழுதுங்கள். அதேபோல் ‘கோவை நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டது’ என்ற வரியும் நுகர்வோர் விஷயத்தில் பயன் தராது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆர்பிட்ரேஷன் என்ற நடுவர் தீர்ப்பு முறைக்குத்தான் போக வேண்டும் என்று எழுதினாலும் நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு மூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் வாங்கிய கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அவருக்கு வழக்குக் கட்டணம்கூடக் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாதச் சந்தாவைத் தானாகப் பிடித்தம் செய்யப் போகிறீர்கள் என்றால், பிடிக்கும் முன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதியைக் கேட்வேயிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சேர்வதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு திரை என்று வைத்தால் அது சந்தாப் பொறி. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த பதின்மூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று. ‘இன்னும் 2 இடங்கள்தான்’ என்று பொய்யாக ஓடும் கவுன்டரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சித் துறைக்கென்றே 2024 நவம்பரில் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் வந்திருக்கின்றன. ஐம்பது பேருக்கு மேல் பயிற்சி தருபவர்களைக் கருதி எழுதியவை. ஜெயித்த மாணவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போட வேண்டுமென்றால், அவர் ஜெயித்த பிறகு எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்க வேண்டும். சேரும்போதே டேர்ம்ஸுக்குள் ‘என் படத்தைப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி வைத்துச் சமாளிக்கும் நம்மூர்ப் பழக்கம் இனிச் செல்லாது. ‘நூறு சதவீதத் தேர்ச்சி உறுதி’ என்றும் போட முடியாது.

தகவல் கசிந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பக்கக் காகிதம் போதும். சைபர் சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் சிஇஆர்டி-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், சர்வரில் நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு உத்தரவு சிறு நிறுவனங்களுக்கும் அமலில்தான் இருக்கிறது. 2027 மே முதல் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு விரிவான அறிக்கை 72 மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவத்தில் வரிசை இதுதான். முதலில் பேமென்ட் கேட்வேயின் சரிபார்ப்புக் குழு: பக்கத்தில் உள்ள பெயரும் பான் கார்டில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று கணக்கை நிறுத்தி வைக்கும். பிறகு பிளே ஸ்டோர்: கணக்கு தொடங்க வசதி இருக்கிறது, நீக்க வசதி எங்கே என்று கேட்கும், ஆப்புக்குள்ளும் வேண்டும், ஆப்பை அழித்துவிட்டவர்களுக்காக இணையப் பக்கத்திலும் வேண்டும். மூன்றாவது, கோபமாக இருக்கும் ஒரு பெற்றோர், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுடன். தரவுப் பாதுகாப்பு வாரியம் கடைசியில்தான் வரும். முதல் மூன்று பேருமே உங்கள் அளவைப் பார்ப்பதில்லை.

அந்த இருபதாயிரத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்றால், பட்டியலை நீங்களே போட்டு, முதல் நகலை நீங்களே தமிழில் எழுதிவிட்டு, பார்த்துத் திருத்தித் தர எவ்வளவு என்று அதே வக்கீலிடம் கேளுங்கள். பெரும்பாலும் குறைப்பார். தமிழில் எழுதுவது சட்டத்துக்கும் உகந்தது: ஆங்கிலத்திலோ, தமிழும் இடம்பெற்றிருக்கும் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். நான் எழுதினால் பதிவுத் திரையில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘உங்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் கைபேசி எண் ஆகியவற்றை வாங்குகிறோம். பெயரும் வகுப்பும் உரிய பாடத்தைக் காட்டுவதற்காக. எண், லாகின் செய்யவும் ரசீது அனுப்பவும். தேர்வு மதிப்பெண்களை, எந்தப் பாடத்தில் கூடுதல் பயிற்சி தேவை என்று காட்டுவதற்காக வைத்திருப்போம். கணக்கை நீக்கியதும் அழிப்போம். இந்த ஒப்புதலை இதே பக்கத்தில் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். குறை இருந்தால் இந்த எண்ணில் இவரிடம் சொல்லுங்கள். அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் புகார் செய்யலாம்.’ கொடுத்த அளவு எளிதாகவே ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே அந்தப் பொத்தானை உண்மையிலேயே அந்தப் பக்கத்தில் வையுங்கள். ‘அழிப்போம்’ என்று எழுதும் முன், ரசீது போன்ற கணக்குப் பதிவுகளை வரிச் சட்டத்துக்காக எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்று ஆடிட்டரிடம் கேட்டு, அந்த விலக்கையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். பேக்கப்பில் கிடக்கும் நகல் எப்போது அழியும் என்று உங்கள் நண்பரிடம் கேளுங்கள், அவருக்கும் தெரியாவிட்டால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் ஆப்பை நான் பார்க்கவில்லை. கேள்வியில் நீங்கள் சொன்னதை வைத்துத்தான் இவ்வளவும். வக்கீலிடம் போகும்போது மூன்று விஷயங்களை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள்: பெற்றோர் ஒப்புதல் வாங்கும் திரை, ரீஃபண்ட் நிபந்தனைகள், நீங்கள் இருவரும் எல்எல்பியாகவோ (பங்குதாரர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம்) கம்பெனியாகவோ மாற வேண்டுமா என்பது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் டவுட் சாட் வைத்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறர் எழுதுவதைத் தாங்கி நிற்கும் இடைத்தரகருக்கான 2021ஆம் ஆண்டு விதிகள் அதனால் கூடுதலாக வந்து சேரும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் பிள்ளைகளுக்கும் விற்கிற எண்ணம் இருந்தால் அந்தந்த நாட்டுச் சட்டம் தனி. அங்கத்திய வக்கீலைக் கேட்காமல் அந்த நாட்டு நாணயத்தில் விலை போடாதீர்கள்.